காவலூர்க் கண்ணாடி 2.34 மீட்டர், ஹபிள் கண்ணாடி 2.4 மீட்டர்: பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பிப்ரவரி 3, 2025 (வாசகர் கேள்வி)

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2.4 மீட்டர். ஆறு சென்டிமீட்டர்தான் குறைவு. ஆனால் ஹபிள் படம் மாதிரி ஒரு படம்கூடக் காவலூரிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. நம்மவர்கள் கண்ணாடியைச் சரியாகத் தேய்க்கவில்லையா, இல்லை அங்கே வேலையே நடப்பதில்லையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 9.50

கண்ணாடியிலும் குறையில்லை, ஆட்களிலும் குறையில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். ஜவ்வாது மலையில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்பு 1982 இலேயே இறந்துவிட்டார், 1986 ஜனவரியில் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது அவர் பெயரைத்தான் வைத்தார்கள். தேய்ப்பில் தவறு என்றால் அது நடந்தது ஹபிளில். விளிம்புப் பக்கம் இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள். 1990 இல் மேலே போன தொலைநோக்கி, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தும்வரை மங்கலான படங்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

வித்தியாசம் முழுக்கக் காற்றில் இருக்கிறது. ஹபிள் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மொத்தக் காற்றும் அதன் தலைக்கு மேலே. ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட். முழுநிலவின் அகலம் சுமார் 1800 ஆர்க் செகண்ட். 2.34 மீட்டர் கண்ணாடி கணக்குப்படி 0.06 ஆர்க் செகண்ட் அளவுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் காவலூரில் சாதாரண இரவில் ஒரு நட்சத்திரம் இரண்டு ஆர்க் செகண்ட் அல்லது அதற்கும் மேல் அகலமான ஒரு பொட்டாகத்தான் விழுகிறது. முப்பது மடங்குக்கு மேல் கூர்மை போய்விட்டது. அதைத் தின்றது கடைசிச் சில கிலோமீட்டர் காற்று. அந்த ஒளி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வெற்றிடத்தில் ஒரு கீறலும் இல்லாமல் வந்திருக்கும், நம் தலைக்கு மேல் வந்தபிறகு கலைந்துபோகிறது. எனக்கு இது இன்னும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். காற்றின் நிலையை அளக்க டேவிட் ஃபிரைட் என்பவரின் பெயரால் ஒரு நீளம் உண்டு. எத்தனை அகலமான துளைவரை காற்று ஒளியைக் கலைக்காமல் விடுகிறது என்பதுதான் அந்த நீளம். இரண்டு ஆர்க் செகண்ட் கலங்கலுக்கு அது ஐந்தரை சென்டிமீட்டர் வருகிறது. கூர்மையை மட்டும் பார்த்தால் அப்படிப்பட்ட இரவில் காவலூரின் பெரிய தொலைநோக்கியும் ஐந்தரை சென்டிமீட்டர் சிறு தொலைநோக்கியும் ஒன்றுதான்.

பிப்ரவரி 3, இரவு 11.15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் "அப்படியானால் பெரிய கண்ணாடி எதற்கு" என்று போய்விடக் கூடாது. கூர்மை வேறு, ஒளி வேறு. 2.34 மீட்டர் கண்ணாடி அந்த ஐந்தரை சென்டிமீட்டர்க் கண்ணாடியைவிடச் சுமார் ஆயிரத்தெண்ணூறு மடங்கு ஒளியை வாங்குகிறது. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் நட்சத்திரத்தில் என்ன தனிமம் இருக்கிறது, அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதெல்லாம் தெரியும். பொட்டு இரண்டு ஆர்க் செகண்ட் அகலமாக இருப்பதால் அந்த வேலை நின்றுபோவதில்லை, மங்கலான பொருள் என்றால் சிரமம் கூடும், அவ்வளவுதான். காவலூரில் நடப்பதில் பெரும்பகுதி இந்த நிறமாலை வேலைதான். படமாக வெளியே வராது, வரைபடக் கோடாக வரும். அதனால்தான் நீங்கள் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4, இரவு 10.20

"நட்சத்திரம் மின்னுகிறது, குரு மின்னவில்லை, இதுவும் அதே காரணமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதே காரணம்தான். இப்போது குரு ரோகிணிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நட்சத்திரம் ஒற்றைப் புள்ளி, அதன் ஒளிக்கற்றை ஒரு காற்றுப் பொதியில் விலகினால் அப்படியே மங்கும் அல்லது பளிச்சிடும். குரு நாற்பது ஆர்க் செகண்டுக்கு மேல் அகலம், அதன் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக மின்னி ஒன்றையொன்று சமன் செய்துகொள்கிறது. வெறும் கண்ணுக்குக் குரு அமைதியாகத் தெரிகிறது என்பதற்காகத் தொலைநோக்கியிலும் அமைதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கல்யாண வீட்டில் கோட்டை அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைப் பார்த்தால் முகம் நெளியுமே, அதே வேலைதான் வானத்திலும் நடக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன, அவை கலந்து புரளும்போது படம் புரள்கிறது. இது ஒரே இடத்தில் நடப்பதில்லை. தரையை ஒட்டி நூறு மீட்டருக்குள் பெரும்பகுதி நடக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் பாயும் இடத்தில் இன்னொரு பகுதி. தொலைநோக்கிக் கூடத்துக்குள்ளேயே, பகலில் சூடேறிய கண்ணாடியின் மேலும் ஒன்று நடக்கும். பெரிய ஆய்வகங்களில் பகலில் கூடத்தைக் குளிர்வித்து வைப்பதும், இரவில் சுவரில் உள்ள கதவுகளைத் திறந்து காற்றை ஓட விடுவதும் இதனால்தான்.

குளிர்காலத்தில் அந்த மேற்கத்திய ஜெட் ஓட்டம் வட இந்தியாவின் மேல்தான் போகிறது. நம் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேல் கிழக்கத்திய ஜெட் வரும், ஆனால் அப்போது மேகம் மூடிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

பிப்ரவரி 6, காலை 6.10

நேற்று இரவு முழுக்க விழித்திருந்ததால் இதை எழுதிவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடி சிமெண்டுத் தளம். எட்டு மணிக்கு எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்துக் குருவைப் பார்த்தால் இரண்டு பட்டைகள் தெரிந்தன, அதுவும் ஆற்று நீருக்கு அடியில் கிடப்பதுபோல அலைந்துகொண்டிருந்தன. பக்கத்து மாடியின் ஏசி வெளி யூனிட்டுக்கு மேலாகப் பார்வை போனபோது பட்டையே காணோம். பத்தரைக்குத் தளமும் கண்ணாடியும் ஆறிய பிறகு குரு மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் சில நொடிகள் படம் அப்படியே நின்றது. அந்தச் சில நொடிகளில் வடக்குப் பட்டையின் ஓரத்தில் கருத்த முடிச்சுகள், அவற்றிலிருந்து தெற்கே நீளும் நீலச்சாம்பல் இழைகள், ஒரு துணைக்கோளின் நிழல் என்று நினைக்க வைத்த ஒரு கறுப்புப் புள்ளி. பிறகு மறுபடி நெளிவு. தொலைநோக்கி மாறவில்லை, கண் மாறவில்லை, காற்று மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. தெளிவான வானம், அசையாத வானம் இரண்டும் வேறு வேறு. மழை விட்டு வானம் கழுவி விட்டாற்போல இருக்கும் இரவில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும், எல்லாம் பளபளவென்று மின்னும், எல்லோரும் "ஆகா, இன்று அருமை" என்பார்கள். அன்றைக்குக் கோள்களைப் பார்த்தால் கொதிக்கும். மாறாக, புழுக்கமாக, இலைகூட அசையாமல், லேசாகப் புகை படர்ந்து மூன்றாம் ஒளித்தர நட்சத்திரத்தைத் தேட வேண்டியிருக்கும் இரவுகள் உண்டு. அந்த இரவில் சந்திரனையும் சனியையும் பாருங்கள், ஊசி முனைபோல் நிற்கும். மின்னாத வானத்தை மட்டமான வானம் என்று ஒதுக்கி மூடி வைத்துவிடாதீர்கள். நெபுலாவுக்கும் விண்மீன் மண்டலத்துக்கும் தெளிவு வேண்டும், கோளுக்கும் இரட்டை நட்சத்திரத்துக்கும் அமைதி வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் இரவு அபூர்வம்.

பிப்ரவரி 9, மாலை 5.30

இதுவரை கலங்கலைப் பற்றியே பேசிவிட்டோம். காற்று செய்யும் பெரிய கெடுதல் அது இல்லை என்பது என் கருத்து. கலங்கலுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள், அதைப் பிறகு எழுதுகிறேன். வழியே இல்லாதது உறிஞ்சல்.

ஒளி என்று நாம் சொல்வது ஒரு பெரிய வரிசையில் ஒரு சின்னத் துண்டு. எக்ஸ் கதிரும் காமா கதிரும் மேலேயே நின்றுவிடும், ஒன்றுகூடத் தரைக்கு வராது. புற ஊதாவில் 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் கதவைச் சாத்திவிடும். (அது சாத்துவதால்தான் நாம் வெயிலில் நடக்கிறோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.) கண்ணுக்குத் தெரியும் ஒளி வரும். அகச்சிவப்பில் நீராவியும் கரியமில வாயுவும் மாறி மாறி மறிக்கும், நடுவில் 1.25, 1.65, 2.2 மைக்ரான் பக்கம் சில ஜன்னல்கள், பத்து மைக்ரான் அருகில் ஒன்று. அதற்கப்புறம் நீண்ட தூரம் இருட்டு. மில்லிமீட்டர் அலையில் மீண்டும் ஜன்னல்கள், பிறகு ரேடியோவுக்குக் கதவு அகலத் திறந்திருக்கும். அதுவும் முப்பது மீட்டர் அலைநீளம் அளவில் முடிந்துவிடும், அயனிமண்டலம் அதைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும்.

இந்த மூடிய பகுதியில் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும், எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒரு துளியும் கிடைக்காது. அகச்சிவப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு: காற்றும் தொலைநோக்கியும் தங்கள் சூட்டினாலேயே அந்த அலைநீளத்தில் ஒளிர்கின்றன. பகல் வெளிச்சத்தில் நட்சத்திரம் தேடுவதற்குச் சமம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, வெயில் மறைப்புப் போட்டுக் குளிர வைத்திருப்பது இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

தரையிலேயே இருந்துகொண்டு செய்யக்கூடியது ஒன்றுதான், நீராவிக்கு மேலே ஏறிவிடுவது. நீராவி அடியிலேயே தங்கும் குணமுடையது, முதல் சில கிலோமீட்டருக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். சிலியில் மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கியான ஆல்மா 5000 மீட்டரில் நிற்பதும், லடாக்கில் ஹன்லே ஆய்வகம் 4500 மீட்டரில் நிற்பதும் அதற்காகத்தான். ஹன்லேயில் உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். அந்த உயரத்தில் ஆள் உட்கார்ந்து இரவு முழுக்க வேலை செய்வது எளிதல்ல.

பிப்ரவரி 9, இரவு 8.05

"அப்படியானால் இமயமலை உச்சிக்கே போய்விடலாமே" என்று உடனே ஒரு பதில். நியூட்டனே 1704 இல் அதைத்தான் சொன்னார்: காற்றின் நடுக்கத்தைக் கண்ணாடியால் போக்க முடியாது, மேகங்களுக்கு மேலே உயர்ந்த மலைகளின் அமைதியான காற்றுதான் மருந்து என்று. பாதி சரி. உயரம் நீராவியைக் குறைக்கும், உறிஞ்சலைக் குறைக்கும். அமைதியை அது மட்டும் தராது. மலைத்தொடருக்கு நடுவே இருக்கும் உச்சியில் காற்று முன்னால் உள்ள மலைகளில் மோதிப் புரண்டுதான் வரும். சிலியின் பரனால் ஆய்வகம் 2635 மீட்டர்தான், ஹன்லேயைவிட எவ்வளவோ தாழ்வு. ஆனால் மேற்கே குளிர்ந்த பசிபிக் கடல், அங்கிருந்து காற்று தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது, மேகம் கடலோரமாகத் தாழ்ந்து கிடக்கிறது. உலகின் நல்ல இடங்களான ஹவாயின் மவுனா கியாவும் கேனரித் தீவுகளின் லா பால்மாவும் கடல் நடுவே நிற்கும் மலைகள் என்பது தற்செயல் இல்லை.

காவலூருக்கும் ஒரு பலம் உண்டு, யாரும் சொல்வதில்லை. அது 12 பாகை அட்சரேகை. தெற்கு வானத்தின் பெரிய கோளக்கொத்தான (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டமான) ஒமேகா சென்டாரி காவலூரில் முப்பது பாகை உயரம் வரும். ஹன்லேயில் பத்துப் பாகைகூட வராது, அந்தத் தாழ்வில் ஐந்தாறு மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்க வேண்டும். மலை உயரத்தால் கிடைத்ததெல்லாம் அதில் போய்விடும்.

பிப்ரவரி 12, இரவு 9.00

இன்று பௌர்ணமி, மாடியில் வேலையில்லை. நிலவொளி நேராகத் தொலைநோக்கிக்குள் போவதில்லை, காற்று அதைச் சிதறடித்து வானம் முழுக்கப் பூசிவிடுகிறது. ஊர் விளக்குக்கும் அதே கதை. வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கம் எரியும் விளக்கு மேலே போய் அப்படியே போய்விட்டால் காவலூருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, காற்றும் தூசியும் அதைத் திருப்பி அனுப்புவதுதான் பிரச்சினை. வெள்ளை எல்இடி வந்த பிறகு நீல ஒளி கூடிவிட்டது, நீலம்தான் அதிகம் சிதறும். தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி, தேவையில்லாத நேரத்தில் அணைப்பது, கொஞ்சம் மஞ்சளான நிறம், இவ்வளவு செய்தால் போதும். ஹன்லேயைச் சுற்றி 2022 இல் இருள்வானக் காப்பகம் அறிவித்து அங்குள்ள ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜவ்வாது மலைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

விளக்கே இல்லாத இடத்திலும் வானம் முழுக்கருப்பு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் வாங்கிய மேல்வளி இரவில் மெல்ல ஒளிர்கிறது, ஆக்சிஜனின் பச்சைக் கோடு 557.7 நானோமீட்டரில். அகச்சிவப்பில் ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறின் கோடுகள் இன்னும் மோசம்.

பிப்ரவரி 15, மாலை 4.15

"இவ்வளவு குறை உள்ள காற்றுக்கு அடியில் உட்கார்ந்து காவலூரில் என்னதான் கண்டுபிடித்தார்கள்" என்ற கேள்விக்கு இதை எழுதாமல் விட முடியாது.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போக இருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் எலியட் குழுவினர் தொலைநோக்கி பொருத்திய கைப்பர் விமானத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். கோள் மறைப்பதற்கான நேரத்துக்கு வெளியே நட்சத்திர ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. காவலூர்க்காரர்கள் அதைப் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள், விமானத்தில் இருந்தவர்கள் கோளின் இரு பக்கமும் ஒரே மாதிரிக் குறைவதைப் பார்த்ததால் வளையம் என்று பிடித்துவிட்டார்கள். யுரேனஸ் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்ட இரவு அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த வளையங்களில் அகலமானதே நூறு கிலோமீட்டரைத் தொடாது. அவ்வளவு தொலைவில் அது ஒரு ஆர்க் செகண்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. காவலூர்க் காற்றின் கலங்கல் இரண்டு ஆர்க் செகண்ட். இருநூறு மடங்குக்கு மேல் சின்னதான ஒன்றை எப்படிப் பிடித்தார்கள்? படம் எடுக்கவில்லை, நேரத்தை அளந்தார்கள். நட்சத்திர ஒளி முழுவதையும், கலங்கிய பொட்டு முழுவதையும், ஒரு ஒளிமானியில் கொட்டி, எந்த நொடியில் குறைகிறது என்று மட்டும் பார்த்தால் காற்று அதைப் புரட்டினால் என்ன, புரட்டாவிட்டால் என்ன. நிழலின் ஓரம் வானத்தில் வரையப்படுகிறது, காற்றுக்கு வெகு மேலே. காற்றால் அந்த ஓரத்தைத் தொட முடியாது.

ஊட்டியிலும் இதே யோசனைதான். 1970 இல் கோவிந்த் ஸ்வரூப் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். அதன் அலைநீளத்துக்கு அந்த அளவு போதாது, தானாக அது மிகக் கரடுமுரடாகத்தான் பார்க்கும். நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது காவலூர் ஒளிமானி போல விடாமல் பதிவு செய்து, ஓரத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கத்திலிருந்து ஆர்க் செகண்ட் அளவுக்கு அமைப்பைக் கண்டார்கள். மேகமும் மழையும் அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை, அதனால் ஊட்டியின் மூடுபனியிலும் வேலை நடந்தது.

பிப்ரவரி 18, இரவு 10.45

கலங்கலுக்கு வழி உண்டு என்று சொன்னேன் அல்லவா.

1953 இல் ஹொரேஸ் பேப்காக் ஒரு யோசனை சொன்னார்: நட்சத்திர ஒளி எப்படிக் கலைந்து வருகிறது என்று அந்தக் கணமே அளந்து, அதற்கு நேர் எதிராக ஒரு கண்ணாடியை வளைத்துவிட்டால் கலைந்தது நேராகிவிடும். செய்துகாட்டக் கணினியும் கருவியும் வர முப்பது நாற்பது வருடம் ஆயிற்று. இன்று ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரம் முறை வரைகூட அந்த மெல்லிய கண்ணாடி உருமாறுகிறது. அளக்கப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் 589 நானோமீட்டர் லேசரை வானத்தில் பாய்ச்சித் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அடுக்கில் செயற்கை நட்சத்திரம் ஒன்றை ஏற்றிக்கொள்கிறார்கள்.

நம் விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றி எஸ்2 என்ற நட்சத்திரம் 16 வருடத்தில் ஒரு சுற்று போவதைக் கண்டது தரைத் தொலைநோக்கிகள்தான், சிலியின் பரனாலும் ஹவாயின் கெக்கும். அந்த ஆய்வுகளை நடத்திய கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020 இல் நோபல் பரிசு. அந்த இடம் தூசியால் மூடியது, கண்ணுக்குத் தெரியும் ஒளி வராது, 2.2 மைக்ரான் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். காற்று விட்டுவைத்த ஜன்னல் ஒன்று, கலங்கலைத் திருத்தும் கண்ணாடி ஒன்று, இரண்டும் சேர்ந்ததால் கிடைத்தது.

"அப்படியானால் ஹபிள் தேவையில்லையே" என்பவர்களுக்கு: திருத்தம் நன்றாக நடப்பது அந்த வழிகாட்டி நட்சத்திரத்தைச் சுற்றிக் கொஞ்ச இடத்தில்தான், சற்றுத் தள்ளிப் போனால் அங்கே வேறு காற்று. அகச்சிவப்பில் எளிது, நீல ஒளியில் மிகக் கடினம். புற ஊதா என்றால் பேச்சே இல்லை.

பிப்ரவரி 18, இரவு 11.30

அமெச்சூர்களுக்கு உபயோகமான பகுதி விட்டுப்போயிற்று. அதிர்ஷ்டத்தை நம்பும் முறை. குருவை வீடியோவாக ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, காற்று அசையாமல் இருந்த கணங்களின் படங்களை மட்டும் மென்பொருள் பொறுக்கி அடுக்கும். 1978 இல் அதே ஃபிரைட் இதற்கும் கணக்குப் போட்டார். கண்ணாடி அந்த ஃபிரைட் நீளத்தைப்போல் ஏழு மடங்கு என்றால் ஆயிரத்தில் இரண்டு மூன்று படம் நன்றாக வரும். பத்து மடங்கு என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. காவலூரின் பெரிய கண்ணாடி நாற்பது மடங்குக்கு மேல், அங்கே காலமெல்லாம் காத்திருந்தாலும் வராது. எட்டு அங்குலக்காரருக்கு நான்கு மடங்கு அளவில்தான் வரும், வாய்ப்பு தாராளம். மாடியில் இருந்து எடுத்த குரு படங்கள் சில பழைய பெரிய ஆய்வகப் படங்களைவிடக் கூர்மையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரி 20, காலை 7.40

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. சூரியனைப் பார்ப்பவர்களின் பாடு தலைகீழ், பார்க்க வேண்டிய பொருளே தரையைச் சூடேற்றிக் காற்றைக் கெடுக்கிறது. அதனால் விடிந்ததும் முதல் சில மணி நேரம்தான் நல்ல நேரம். கொடைக்கானலில் 1909 இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும் நிறமாலையை வைத்துத்தான். உதய்ப்பூரில் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுத் தீவில் கட்டியிருக்கிறார்கள், சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தரை கொதிக்காது என்று. எனக்கு மிகவும் பிடித்த இடத்தேர்வு அது.

பிப்ரவரி 22, இரவு 8.30

9 ஆம் தேதி காமா கதிர் ஒன்றுகூடத் தரைக்கு வராது என்று எழுதியிருந்தேன். அது சரிதான், ஆனால் அங்கேயே நிறுத்தினால் கதை பாதி. காமா கதிர் மேல்வளியில் மோதும்போது துகள் மழை ஒன்று உண்டாகிறது, அந்தத் துகள்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட வேகமாகப் பாய்வதால் சில நானோ நொடிகள் நீல மின்னல் ஒன்று தரைவரை வருகிறது, செரென்கோவ் ஒளி. 2024 அக்டோபரில் ஹன்லேயில் திறந்த மேஸ் தொலைநோக்கி 21 மீட்டர் அகலத்தில் அந்த மின்னலைத்தான் பிடிக்கிறது. அதற்குக் கலங்கல் ஒரு பிரச்சினையே இல்லை. காற்று இல்லாத நிலவில் அதைக் கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் தெரியாது, இங்கே காற்றுதான் கருவியின் முதல் பாகம்.

பிப்ரவரி 23, மாலை 6.00

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எட்டு அங்குலத் தொலைநோக்கி வாங்கிவிட்டு "படம் ஆடுகிறது, திருப்பி அனுப்பலாமா" என்று கேட்ட ஆசிரியருக்கு.

அனுப்பாதீர்கள் ஐயா. சாயங்காலமே வெளியே எடுத்து வைத்து ஒரு மணி நேரம் கண்ணாடியை ஆற விடுங்கள். சிமெண்டுத் தளத்தைவிடப் புல்லோ மண்ணோ உள்ள விளையாட்டு மைதானம் நல்லது. வீட்டுக் கூரைகளுக்கு மேலாகப் பார்க்காதீர்கள். பொருள் உச்சிக்கு அருகில் வரும்வரை பொறுங்கள்; தெற்கே தாழ்வாக நிற்கும் அகத்திய நட்சத்திரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது நம் ஊரில் 25 பாகைதான் ஏறும், இரண்டு மடங்குக்கு மேல் காற்று, போதாக்குறைக்கு ஒரு ஓரம் நீலமும் மறு ஓரம் சிவப்புமாகப் பிரிந்துதான் தெரியும். அதிகம் பெரிதாக்கும் ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் வில்லையை) முதலில் போடாதீர்கள், நூறு மடங்கில் ஆடுவது இருநூறில் இரண்டு மடங்கு ஆடும்.

சோதனைக்கு இப்போது புனர்பூசம் சரியான இடத்தில் இருக்கிறது. ஒன்பதரை பத்து மணிக்கு அதிலுள்ள கேஸ்டர் நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது ஒன்றல்ல, ஐந்து ஆர்க் செகண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரண்டு. நடுவில் கறுப்பு இடைவெளி தெரிந்தால் அன்றைய காற்று பரவாயில்லை, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு மெல்லிய வளையம் உடையாமல் நின்றால் அன்று பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள், பக்கத்திலேயே செவ்வாய் இருக்கிறது, அதையும் காட்டுங்கள். இரண்டும் ஒரே உருண்டையாகத் தெரிந்தால் தொலைநோக்கியைக் குறை சொல்லாமல் மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், எத்தனை மணிக்கு, எந்தத் தரையில் வைத்து என்பதையும் சேர்த்து.